ஊரின் பெயரால் ஓர் ஆட்டம்: அயர்லாந்தின் ஹர்லிங்

2025-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில் ஓர் இறுதிப் பந்தயம் நடந்தது. அதன் முடிவைச் செய்தித்தாள்கள் இவ்வாறு அச்சிட்டன: டிப்பரரி 3-27, கார்க் 1-18. கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் நம் மாணவியரும் இதைக் கண்டு சற்றுத் திகைப்பர். விடை எளிது. மைதானத்தின் இரு முனைகளிலும் உயரமான இரு கம்பங்கள் நிற்கின்றன. அவற்றை இடையில் ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கிறது. சட்டத்திற்குக் கீழே வலைக்குள் பந்தைச் செலுத்தினால் அது கோல். அதற்கு மூன்று புள்ளிகள். சட்டத்திற்கு மேலே கம்பங்களுக்கிடையே பறக்கவிட்டால் ஒரு புள்ளி. முதல் எண் கோல்களைக் குறிக்கும். இரண்டாவது எண் தனிப் புள்ளிகளைக் குறிக்கும். அப்படியானால் டிப்பரரி 36, கார்க் 21.

இந்தப் பதினைந்து புள்ளி வித்தியாசத்திற்குள் ஒரு பெருந்துயரம் அடங்கியிருக்கிறது. பாதி ஆட்டம் முடிந்தபோது முன்னிலையில் இருந்தது கார்க்தான். அப்போது அதன் கணக்கு 1-16, டிப்பரரியின் கணக்கு 0-13. ஆறு புள்ளிகள் அதிகம். இடைவேளைக்குப் பின் முப்பத்தைந்து நிமிடங்களுக்கு மேல் ஓடியாடிக் கார்க் சேர்த்தது இரண்டே இரண்டு புள்ளிகள்! டிப்பரரியின் டாரா மெக்கார்த்தி என்னும் பத்தொன்பது வயது இளைஞர் மட்டும் 1-13 அடித்தார். அதே பருவத்தில் இருமுறை மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர் அவர். அதற்கு முந்திய ஆண்டு, 2024-இல், கிளேர் மாவட்டத்திடம் கூடுதல் நேரம் வரை போராடி ஒரே ஒரு புள்ளியில் தோற்றதும் கார்க்தான். முப்பது முறை வாகை சூடிய அம்மாவட்டம் கடைசியாக வென்றது 2005-இல். 2025-ஆம் ஆண்டு இறுதியாட்டத்துடன் இருபது ஆண்டுக் காத்திருப்பு நிறைந்தது.

வேறு விளையாட்டுக்களில் ஒரு ரசிகர் சலிப்படைந்தால் வேறோர் அணியை ஆதரிக்கத் தொடங்கலாம், கேட்பார் எவருமில்லை. ஹர்லிங் ஆட்டத்தில் அதற்கு வழியில்லை. பிறந்த ஊரே அணியைத் தீர்மானிக்கிறது. பார்ப்பவருக்கும் அப்படியே, ஆடுபவருக்கும் அப்படியே. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

முதலில் ஆட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். ஒரு பக்கத்திற்குப் பதினைந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் ஆஷ் மரத்தாலான ஹர்லி என்னும் மட்டை. அதன் அடிப்பகுதி வளைந்து அகன்று இருக்கும். தோலால் தைத்த பந்திற்கு ஸ்லிதர் என்று பெயர். அதன் எடை 110 முதல் 120 கிராம் வரை. கிரிக்கெட் பந்தைவிட இலேசு. மைதானமோ 130 முதல் 145 மீட்டர் வரை நீளமுள்ளது. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையாலோ காலாலோ கிளப்பித்தான் கையில் பிடிக்க வேண்டும். பிடித்தபின் நான்கு அடிகளுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. ஆகவே ஆட்டக்காரர் பந்தை மட்டையின் நுனியில் நிறுத்தி, அது விழாமல், முழு வேகத்தில் ஓடுவார். எலுமிச்சம் பழத்தைக் கரண்டியில் ஏந்தி ஓடும் நம் விளையாட்டு விழாப் பந்தயம் நினைவிற்கு வருகிறதல்லவா? பக்கத்தில் இருவர் தோளால் நெருக்கிக்கொண்டும் மட்டையை வீசிக்கொண்டும் வருவதாகக் கற்பனை செய்துகொண்டால் ஏறக்குறைய அதுதான். வானத்திலிருந்து இறங்கும் பந்தை, ஆறேழு மட்டைகள் சுழலும் இடத்தில், வெறுங்கையை நீட்டிப் பிடிப்பவருக்கே பெருங் கைதட்டல். முகக் கம்பியுடன் கூடிய தலைக்கவசம் 2010-ஆம் ஆண்டு முதல்தான் எல்லா ஆட்டக்காரருக்கும் கட்டாயம் ஆயிற்று. அதுவரை பலர் வெறுந்தலையுடனே ஆடினர் என்பதை எண்ணினால் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஆட்டம் மிகப் பழமையானது. அதை முறைப்படுத்திய சங்கம் பிறந்தது 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், டிப்பரரி மாவட்டத்துத் தர்லஸ் ஊரிலுள்ள ஹேய்ஸ் ஓட்டலில். கூட்டத்தைக் கூட்டிய மைக்கேல் கியூசக் ஒரு பள்ளி ஆசிரியர். கூடியவரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். ஆங்கிலேயரின் விளையாட்டுக்கள் பரவிய அக்காலத்தில் தம் நாட்டு விளையாட்டுக்கள் அழிந்துவிடலாகாது என்பதே அவர்களது கவலை. இவ்வாறு கேலிக் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. காஷல் பேராயர் தாமஸ் குரோக் அதன் முதற் புரவலர்களுள் ஒருவர். 82,300 பேர் அமரக்கூடிய டப்ளின் மைதானம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சங்கத்தை ஊர்தோறும் கொண்டு சென்றபோது அவர்கள் கையாண்ட அளவுகோல் நமக்கு நன்கு பழக்கமானது: பங்கு. கோவில் மணி கேட்கும் எல்லையே குழுவின் எல்லை எனலாம். ஆரம்ப நாளில் பங்கிற்கு ஒரு குழு என்பதே ஏற்பாடு. பல மாவட்டங்களில் ஒருவர் எந்தப் பங்கில் வாழ்கிறாரோ அந்தப் பங்கின் குழுவில்தான் ஆட வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. குழுக்களின் பெயர்களும் அப்படியே. சில புனிதர் பெயர் தாங்கியவை. சில நாட்டிற்குழைத்த வீரர் பெயர் தாங்கியவை. பல வெறும் ஊர்ப்பெயரே. பணம் கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவது கிடையாது. வாங்க இயலாது என்பதைவிட, ஆட்டக்காரர் எவருக்குமே சம்பளம் இல்லை என்பதே காரணம். எண்பதாயிரம் பேர் முன்னிலையில் ஞாயிறன்று கோல் அடித்தவர் சில நாள் கழித்துப் பள்ளியில் பாடம் நடத்துவார், அல்லது மாட்டுப் பண்ணையில் பால் கறப்பார். மைதானத்தில் புல் வெட்டுபவரும், சிறுவருக்குப் பயிற்சி தருபவரும், வாயிலில் சீட்டுக் கிழிப்பவரும் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் ஊர்க்காரரே.

அயர்லாந்துத் தீவில் கவுண்டி என்னும் மாவட்டங்கள் முப்பத்திரண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழுக்கள் தமக்குள் மோதி ஒரு மாவட்ட வாகையரைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் குழுக்களிலிருந்தே சிறந்தவர்களைத் திரட்டி மாவட்ட அணி உருவாகும். அகில அயர்லாந்துப் பந்தயம் தொடங்கியபோது இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1887-ஆம் ஆண்டுக்குரிய முதற் பந்தயத்தின் இறுதியாட்டம் 1888 ஏப்ரல் முதல் நாள் பர் என்னும் ஊரில் நடந்தது. டிப்பரரியின் சார்பில் தர்லஸ் குழுவும், கால்வேயின் சார்பில் மீலிக் குழுவும் ஆடின, தர்லஸ் வென்றது. மாவட்டம் முழுவதிலிருந்தும் ஆட்களைச் சேர்க்கும் வழக்கம் பின்னர்தான் வந்தது.

இங்கேதான் ரசிகரின் நெஞ்சில் ஒரு விசித்திரமான முடிச்சு விழுகிறது. 2022-ஆம் ஆண்டு முதல் மாவட்டங்களின் இறுதியாட்டம் ஜூலையிலேயே முடிந்துவிடுகிறது. (அதற்கு முன் நெடுங்காலம் செப்டம்பர் முதல் ஞாயிறே அதற்குரிய நாள், முதியவர்கள் இந்த மாற்றத்தை இன்னும் முணுமுணுக்கின்றனர்.) பிறகு குழுக்களின் பருவம் ஆரம்பம். ஜூலையில் மாவட்டத்தின் நிறம் பூண்ட இளைஞன் ஒருவனுக்காகத் தொண்டை வறளக் கத்தியவர், செப்டம்பரில் அதே இளைஞன் பக்கத்துப் பங்கின் உடையில் எதிரில் வந்து நிற்பதைக் காண்கிறார். இப்போது அவன் அடிக்கும் ஒவ்வொரு பந்தும் குறி தவற வேண்டும் என்று உள்ளூர விரும்புகிறார். அடுத்த கோடையில் மீண்டும் அவனே அவருடைய கண்மணி! நம் பள்ளியில் சிவப்பு இல்லத்தாரும் நீல இல்லத்தாரும் விளையாட்டு விழாவன்று முகங்கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் பள்ளி அணியில் ஒன்றாக எறிபந்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. எனினும் அங்கே அது ஓராண்டுப் பகை அல்ல. தாத்தா காலத்து ஆட்டமொன்றில் நடுவர் கொடுத்த தீர்ப்பைப் பற்றிப் பேரனும் வாதிடுவான்.

மாவட்டமா, குழுவா, எது பெரிது என்று கேட்டால் பலர் தயங்காமல் குழு என்பர். நாமும் அவர்கள் பக்கமே சாய்கிறோம். ஆன்ட்ரிம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது வடக்கே இருப்பது. 1943-இலும் 1989-இலும் இறுதியாட்டம் வரை வந்தும் அகில அயர்லாந்துப் பட்டத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனால் அங்குள்ள லாக்கீல் என்னும் கிராமப்புறக் குழு, குழுக்களுக்கான அகில அயர்லாந்துப் பட்டத்தை 1983-இலும் 2012-இலும் வென்றிருக்கிறது. மாவட்டம் முழுவதும் சேர்ந்து செய்ய இயலாததை ஒரு பங்கு செய்துகாட்டியது.

இக்குழுப் பந்தயத்தில் (அது 1970-71 பருவத்தில் தொடங்கியது) மிகப் புகழ்பெற்றது கில்கென்னி மாவட்டத்து பாலிஹேல் ஷாம்ராக்ஸ். 1972-இல் அமைந்த இக்குழு 1981 முதல் 2023 வரை ஒன்பது முறை பட்டம் வென்றது. வேறெந்தக் குழுவும் இதை நெருங்கவில்லை. சில சிற்றூர்கள் சேர்ந்த ஒரு பங்குதான் அது. ஃபெனெலி குடும்பத்துச் சகோதரர் எழுவர் அதற்கு ஆடினர். பத்து அகில அயர்லாந்துப் பதக்கங்கள் பெற்ற ஹென்றி ஷெஃப்ளினும் அவ்வூர்க்காரரே. 2022 பிப்ரவரியில் பாலிஹேல் மீண்டும் இறுதியாட்டத்தில் நின்றது. எதிரே வாட்டர்போர்டு மாவட்டத்து பாலிகன்னர். அம்மாவட்டத்துக் குழு எதுவும் அதுவரை இப்பட்டத்தைத் தொட்டதில்லை. நேரம் முடிந்துவிட்டது, காயத்திற்காகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களும் முடியும் தறுவாய். பாலிஹேல் இரண்டு புள்ளிகள் முன்னிலை. அப்போது மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த ஹாரி ரடில் என்பவரிடம் பந்து வந்தது. ஒரு புள்ளி போதாது. கோல் ஒன்றே வழி. அவர் அடித்தார், பந்து வலைக்குள் பாய்ந்தது. பாலிகன்னர் 2-17, பாலிஹேல் 1-19. கூட்டிப் பாருங்கள்: இருபத்துமூன்று, இருபத்திரண்டு.

மகிழ்ந்த வாட்டர்போர்டு மக்களுக்கு மாவட்ட அணியைப் பொறுத்தவரை வேறு கதை. அவர்கள் அகில அயர்லாந்துப் பட்டத்தைக் கடைசியாக வென்றது 1959-இல். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று முதுமையின் எல்லையில் இருக்கின்றனர்.

காத்திருப்பதில் கிளேர் மாவட்டத்தாரின் கதை தனிச்சிறப்புடையது. 1914-இல் வென்றபின் அவர்களுக்கு அடுத்த வெற்றி 1995-இல்தான் கிட்டியது. எண்பத்தொரு ஆண்டுகள்! இடையில் எத்தனையோ நல்ல அணிகள் வந்து, மன்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்திலேயே வீழ்ந்து போயின. பிட்டி ஏர்லி என்னும் நாட்டு மருத்துவச்சி இட்ட சாபமே காரணம் என்று பலர் பேசினர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அம்மூதாட்டி இறந்தது 1874-இல். சங்கம் பிறந்ததோ 1884-இல். இல்லாத அணியை எப்படிச் சபித்தார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. தோல்விக்கு ஒரு காரணம் வேண்டும். தம் பிள்ளைகளைக் குறை கூறவோ மனம் வராது. 1995 செப்டம்பரில், ஜெர் லாக்னன் பயிற்சியில், ஆந்தனி டேலி தலைமையில், கிளேர் 1-13, ஆஃபலி 2-8 என்று இரண்டு புள்ளிகளில் வென்றபோது சாபம் போன இடம் தெரியவில்லை.

லிமெரிக் 1973-இலிருந்து 2018 வரை நாற்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது. காத்திருந்ததற்கு வட்டியும் சேர்த்து 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை அள்ளியது. எல்லாரும் இப்படிக் காத்திருப்பதில்லை. கில்கென்னியார் முப்பத்தாறு முறை வென்றவர்கள். ஓரிரண்டு ஆண்டு வெறுங்கையுடன் திரும்பினாலே அவர்களுக்குப் பொறுக்காது.

இறுதியாட்டத்திற்கான நுழைவுச்சீட்டுக்களில் பெரும்பகுதி குழுக்களின் வழியாகவே பங்கிடப்படுகிறது. எனவே ஜூலையில் குழுச் செயலாளருக்கு இல்லாத நண்பர்களே இல்லை! ஞாயிறு காலை கொடி கட்டிய கார்கள் வரிசையாகத் தலைநகரை நோக்கிச் செல்லும். வழியில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சும் தேநீரும் உண்பது ஒரு சடங்கு போன்றது. மைதானத்திற்குள் ஒரு காட்சி வெளிநாட்டாரை வியக்க வைக்கிறது. இரு கட்சி ரசிகரையும் வேலியிட்டுப் பிரிப்பதில்லை. சிவப்பு அணிந்த கார்க் பாட்டியும், நீலமும் பொன்னிறமும் அணிந்த டிப்பரரிப் பேரனும் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்து, ஒருவர் காதில் மற்றவர் கத்துவர். முடிந்ததும் கைகுலுக்கிப் பிரிவர். நாற்காலிகள் பறக்கும் மைதானங்களைப் பற்றிப் படித்திருக்கும் நமக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றுகிறது. எதிரே இருப்பவரும் தம்மைப்போல் ஊரால் கட்டுண்டவரே என்பது தெரிந்திருப்பதால் இருக்கலாம்.

ஊரே எல்லாம் என்னும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. ஊரில் பிள்ளைகள் இல்லாவிட்டால்? வேலை தேடி இளைஞர்கள் டப்ளினுக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். (அகில அயர்லாந்து வாகையருக்கு அளிக்கும் லியம் மக்கார்த்தி கோப்பையே, லண்டனில் பிறந்த அயர்லாந்துக் குடும்பத்து மகன் ஒருவரின் பெயரால் வழங்குவது.) சிறிய பங்குகளில் பதினைந்து பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. முதலில் சிறுவர் அணியைப் பக்கத்துப் பங்குடன் இணைக்கின்றனர். பிறகு பெரியவர் அணிக்கும் அதே கதி வருமோ என்று அஞ்சுகின்றனர். நூறாண்டாக எவரைத் தோற்கடிப்பதே வாழ்வின் குறிக்கோளாய் இருந்ததோ, அவரோடு ஒரே சட்டை அணிய வேண்டும். புதிய சட்டைக்கு எந்த நிறம், குழுவிற்கு எந்தப் பெயர் என்று கூட்டங்களில் நள்ளிரவு வரை வாதம் நடந்தால் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. பெயர் போனால் ஊர் போனதாகவே அவர்களுக்குப் படுகிறது.

மட்டைக்கும் சோதனை வந்துவிட்டது. ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில் வேர் பிரியுமிடத்தில் மரத்தின் இழை இயல்பாகவே வளைந்திருக்கும். அந்த வளைவோடு சேர்த்து அறுப்பதால்தான் மட்டை எளிதில் முறிவதில்லை. ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் 2012-இல் அயர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு நாடெங்கும் பரவிவிட்டது. இப்போது மூங்கில் மட்டைகளும் செயற்கைப் பொருள் மட்டைகளும் வந்துள்ளன. இரண்டு மரமட்டைகள் மோதும் ஓசை இவற்றில் வருவதில்லை என்று பழைய ரசிகர்கள் வருந்துகின்றனர்.

பெண்கள் ஆடும் ஹர்லிங் கமோகி எனப்படும். 1904-இல் தொடங்கியது. 2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் ஹர்லிங்கைச் சேர்த்தபோது கமோகியையும் சேர்த்தே பொறித்தது. ஆயினும் உடையில் மட்டும் பழைய விதி நீடித்தது. முன்புறம் பாவாடை போன்று தோன்றும் ஒருவகைக் கால்சட்டையையே அணிந்தாக வேண்டும். ஓடத் தடையாக இருக்கிறது என்று ஆட்டக்காரிகள் பன்முறை முறையிட்டும் பயனில்லை. 2025 மே மாதம் டப்ளின், கில்கென்னி அணிகள் இரண்டும் சாதாரண அரைக்கால் சட்டையில் மைதானத்திற்குள் வந்தன. மாற்றிக்கொள்ளாவிட்டால் ஆட்டம் இல்லை என்று கூறப்பட்டது, மாற்றிக்கொண்டு ஆடினர். செய்தி நாடு முழுதும் பரவியது. அதே மாதம் 22-ஆம் நாள் கூடிய சிறப்பு மாநாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாக்குகள் அவரவர் விருப்பத்திற்கு விடுவதற்கு ஆதரவாக விழுந்தன.

கில்கென்னிப் பெண்களின் பொற்காலம் டவுனி சகோதரியருடையது. ஆஞ்ஜெலா, ஆன் இருவரும் இரட்டையர். தந்தை ஷெம் டவுனி 1947-இல் கில்கென்னி ஆடவர் அணியில் வென்றவர். மகள்களோ 1974 முதல் 1994 வரை ஆளுக்குப் பன்னிரண்டு அகில அயர்லாந்துப் பதக்கங்கள் பெற்றனர். 1985 முதல் 1991 வரை இடைவிடாமல் ஏழு. அந்தப் பன்னிரண்டுக்குப் பின் கில்கென்னி மகளிரும் காத்திருக்க நேர்ந்தது, இருபத்திரண்டு ஆண்டுகள். 2016-இல் கார்க் அணியை வென்று கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தபோது எல்லைக்கோட்டருகே நின்று அணியை நடத்தியவர் ஆன் டவுனி.